வரிப் படிவத்தில் வெளிவந்த பெட்டிங்: நியூஜெர்சி தமிழ்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடன் சிக்கலில் மாட்டும் குடும்பங்களுக்குக் கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் தன்னார்வ வேலையில் வந்த ஒரு நிகழ்வு இது. கணவன், மனைவி இருவரின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. ஊர், வேலை, குடும்ப விவரங்களில் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். டாலர் தொகைகள் ஆயிரத்துக்கு முழுமையாக்கப்பட்டவை.

பின்னணி

கணவருக்கு வயது முப்பதுகளின் நடுவில். மென்பொருள் வேலை, எச்-1பி வேலை விசா. மனைவிக்கும் வேலை உண்டு. ஒரு குழந்தை. வீட்டுக் கணக்கை மனைவி பார்ப்பார். கிரெடிட் கார்டுகளும் முதலீடுகளும் கணவர் பொறுப்பு. பல வீடுகளில் இருக்கும் ஏற்பாடுதான். இருவருக்கும் குடிப்பழக்கமோ பழைய கடனோ கிடையாது. சீட்டாட்டம்கூடத் தீபாவளிக்கு நண்பர்கள் கூடினால் மட்டும்.

குடும்பம் நியூஜெர்சியில் இருந்தது என்பதற்கு இந்தக் கதையில் முக்கியத்துவம் உண்டு. விளையாட்டுப் பந்தயத்தை நாடு முழுக்கத் திறந்துவிட்ட வழக்கே அந்த மாநிலத்திலிருந்து போனதுதான். 1992-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், ஏற்கெனவே அனுமதித்திருந்த நெவாடா உள்ளிட்ட ஒருசில மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் இதற்குக் கதவை அடைத்தது. நியூஜெர்சி மக்கள் 2011-இல் வாக்கெடுப்பு நடத்தி ‘வேண்டும்’ என்றார்கள். மாநில அரசு சட்டம் போட்டது, விளையாட்டு லீக்குகள் வழக்குப் போட்டன. கடைசியில் 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் 1992-இன் சட்டத்தையே ரத்து செய்தது. அடுத்த மாதமே மான்மவுத் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் கவுண்டர் திறந்தார்கள். ஆகஸ்டில் அது செல்போனுக்கு வந்துவிட்டது. 2019 மே மாதப் பந்தயத் தொகையில் நியூஜெர்சி லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவையே முந்தியது. இன்று 39 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் இது சட்டபூர்வம். 2024-இல் மட்டும் பந்தய நிறுவனங்கள் வென்றுகொண்ட தொகை சுமார் 1,370 கோடி டாலர்.

இதெல்லாம் கணவருக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: டிவியில் விளம்பரம் வருகிறது, மாநில அரசே உரிமம் கொடுத்திருக்கிறது, ஆபீஸில் பாதிப் பேர் போனில் இந்த ஆப் இருக்கிறது. பின்னால் கேட்டபோதும் முதலில் சொன்ன பதில், “இது லீகல்தானே?”

தொடக்கமும் வளர்ச்சியும்

2022 அக்டோபரில் டி20 உலகக் கோப்பை நேரம். அலுவலக நண்பர் ஒருவர் ஆப்பைப் பரிந்துரைத்தார். சேர்த்துவிட்டவருக்கும் சேர்ந்தவருக்கும் போனஸ். முதல் சில வாரங்கள் ஒரே முடிவின் மீது கட்டும் ஐந்து டாலர், பத்து டாலர் சிங்கிள் பெட்கள். சிறு லாபம்கூட வந்தது. எனக்குக் கிரிக்கெட் தெரியும், இவர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது.

2023 ஐபிஎல்தான் திருப்பம். இந்தியாவில் மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நியூஜெர்சியில் காலை பத்து மணிக்கு வரும். சரியாக அலுவலகக் குழுவின் தினசரி ஸ்டாண்டப் மீட்டிங் நேரம். மடிக்கணினியில் மீட்டிங், பக்கத்தில் போனில் லைவ் பெட். அடுத்த ஓவரில் எத்தனை ரன், அடுத்த விக்கெட் எப்படி விழும் என்று ஆப் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் என்பது போய், ஒரு ஆட்டத்துக்கு முப்பது, நாற்பது பந்தயம் என்றானது. ஐபிஎல் முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆப்பில் சீசன் முடிவதே இல்லை. இரவு பத்தரைக்குத் தொடங்கும் மேற்குக் கடற்கரை என்பிஏ கூடைப்பந்து ஆட்டங்கள் வந்தன. அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கு, பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத ஐரோப்பிய வீரர்களின் டேபிள் டென்னிஸ்.

2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நியூஜெர்சியில் அதிகாலை மூன்றரை மணிக்குத் தொடங்கியது. அந்தத் தொடரில் அதுவரை தோற்காத இந்தியா மீது, அவர் அதுவரை கட்டியதிலேயே பெரிய தொகையைக் கட்டியிருந்தார். ஆஸ்திரேலியா 6 விக்கெட்டில் வென்றது. விட்டதைப் பிடிக்க அடுத்த நான்கு மாதம் ஓடினார்.

அதே காலத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து ‘உங்களுக்கான விஐபி ஹோஸ்ட்’ என்று ஒருவர் மெசேஜ் அனுப்பத் தொடங்கினார். பெயர் சொல்லி நலம் விசாரிப்பார், இரண்டு நாள் ஆளைக் காணோம் என்றால் போனஸ் போடுவார். கணவர் இதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். தொடர்ந்து வெல்பவர்களுக்கு இந்த உபசாரம் கிடைப்பதில்லை. அவர்களுடைய பந்தய அளவைத்தான் நிறுவனங்கள் குறைக்கும். இது தொழிலில் ஊரறிந்த நடைமுறை.

வீட்டில் தெரிந்தவை

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயமான விளக்கம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஹாலில் வெளிச்சம் தெரிந்தால், “ப்ரொடக்ஷன் இஷ்யூ, நீ தூங்கு” என்பார். ஐடி வேலை பார்க்கும் வீட்டில் இதை யார் சந்தேகிப்பார்கள்? ஊருக்குப் பணம் அனுப்புவது தள்ளிப்போனதற்கு டாலர் விலை ஏறட்டும் என்பது காரணம். வீடு வாங்கும் பேச்சை எடுத்தால் வட்டி விகிதம் இறங்கட்டும் என்றார். 2023-இல் அதையும் யாரும் மறுக்க முடியாது.

மனைவி கவனித்தது ஒன்றுதான்: கிரிக்கெட் பார்க்கும்போது அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். சென்னை அணி தோற்றாலும் ஜெயித்தாலும் அமைதி. வயதாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம்.

சூதாட்டம் என்றதும் நம் மனதில் வருவது வாசலில் வந்து நிற்கும் கடன்காரன், புக்கி, போலீஸ். இந்த வீட்டில் அவை எதுவுமே வரவில்லை. எல்லாம் உரிமம் பெற்ற நிறுவனம், வங்கி, கார்டு, குறைந்தபட்சத் தவணை என்று சுத்தமாக நடந்தது. குடும்பங்கள் இதைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிவந்த விதம்

2024 மார்ச்சில் மனைவி வருமான வரிக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் டபிள்யூ-2ஜி என்ற படிவம் ஒன்று. விளையாட்டுப் பந்தயத்தில் குறைந்தது 600 டாலரும், கட்டிய தொகையைப்போல் 300 மடங்காவதும் வென்றால் நிறுவனம் அந்தப் படிவத்தை வென்றவருக்கும் வரித்துறைக்கும் அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய விதி. டிசம்பரில் அவர் போட்ட பத்து டாலர் பார்லே (பல பந்தயங்களை ஒன்றாகக் கோர்த்தது; எல்லாமே சரியாக வந்தால்தான் பணம்) ஒன்று 4,200 டாலர் கொடுத்திருந்தது.

“என்னங்க இது? நாலாயிரத்து இருநூறு டாலர் ஜெயிச்சிருக்கீங்க, என்கிட்ட சொல்லவே இல்ல?” என்று சந்தோஷமாகத்தான் கேட்டிருக்கிறார். பதில் வர நேரமானபோதுதான் அவருக்கு உறைத்தது.

மறுவாரம் என்னிடம் வந்தார்கள். முதல் சந்திப்பில் கணவர் சொன்ன கடன் தொகை உண்மையில் பாதிகூட இல்லை. இது பொய் சொல்லும் எண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. அவரே கூட்டிப் பார்த்ததில்லை.

கணக்கைக் கூட்டியது

அவர் பயன்படுத்திய மூன்று ஆப்களிலிருந்தும் ஆண்டுவாரியான வரவு-இழப்பு ஸ்டேட்மென்ட்டை இறக்கினோம். இந்த இடத்தில் குடும்பங்கள் பயந்துபோவது வழக்கம், இங்கேயும் அதுதான் நடந்தது. ஸ்டேட்மென்ட்டின் மேலே இருந்த எண் சுமார் 4 லட்சம் டாலர். மனைவி அழத் தொடங்கிவிட்டார். அது மொத்தப் பந்தயத் தொகை. அதே பணம் வென்று, தோற்று, திரும்பத் திரும்பச் சுற்றியதால் வந்த எண். பார்க்க வேண்டியது போட்ட டெபாசிட்டுக்கும் எடுத்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம். அது 61,000 டாலர்.

4 லட்சத்தில் 61,000 என்றால் நூற்றுக்குப் பதினைந்து. இதற்குக் காரணம் பார்லே. சாதாரண சிங்கிள் பெட்டில் 110 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம். நூற்றுக்கு 52-க்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கைக்காசு தப்பும், நிறுவனத்தின் பங்கு சராசரியாக நாலரை சதவீதம். இப்படி நான்கைக் கோர்த்து ஒரு பார்லே ஆக்கினால், நான்கும் சரியாக வருவதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. பத்து டாலருக்கு நியாயமாக 160 வர வேண்டும். வருவது சுமார் 133. அதாவது நிறுவனத்தின் பங்கு 17 சதவீதமாக ஏறிவிட்டது. ஆப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஏன் பார்லேவாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான் கணவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். கணக்கில் கெட்டிக்காரர், இதை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

கடன் நிலவரம்: மூன்று கார்டுகளில் 27,000, தனிநபர் கடன் 15,000, 401(கே) ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்த கடன் 12,000, இரண்டு நண்பர்களிடம் 4,000. இதற்கு மேல் சேமிப்பு 20,000 கரைந்திருந்தது. கூட்டினால் 61,000-ஐத் தாண்டும். மிச்சம் வட்டி, பந்தயத்துக்குக் கார்டு போட்டால் வங்கி அதை ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு போடும் கட்டணம், அப்புறம் கார்டில் ஓடிய வீட்டுச் செலவு.

வரி இன்னொரு அடி. வென்ற பந்தயங்கள் வருமானம்; தோற்றதைக் கழிக்க வேண்டுமானால் வரிக் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். பட்டியல் போடாமல், அரசு நிர்ணயித்த நிலையான கழிவை எடுக்கும் குடும்பத்துக்கு அது பயன்படாது. மொத்தத்தில் தோற்ற ஆண்டிலும் வரி கட்டினார்கள். 2025-இல் நிறைவேறிய வரிச் சட்டப்படி, 2026 முதல் பட்டியலிட்டாலும் இழப்பில் 90 சதவீதம்தான் கழிக்க முடியும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வரிசை. எல்லா ஸ்டேட்மென்ட்டுகளையும் இறக்கிய பிறகே கணக்குகளை மூடுவது என்று வைத்துக்கொண்டோம். மூடிய பிறகு பதிவுகளைக் கேட்டு மனுப் போட்டு நிற்பது பெரிய அலைச்சல். அன்று மாலையே நியூஜெர்சியின் சுயவிலக்குப் பட்டியலில் பதிவு செய்தார். தன்னைப் பந்தயத்தில் சேர்க்க வேண்டாம் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. மாநிலத்தில் உரிமம் உள்ள எல்லா ஆன்லைன் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். ஓராண்டு, ஐந்தாண்டு என்று இருந்ததில் அவர் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்.

இரண்டாவது முடிவுதான் கடினமானது. மனைவியின் தகப்பனார் போனில், “மாப்ளை, ஊர்ல இருக்கிற அந்த மனையை வித்துடலாம். மானம் பெருசா மனை பெருசா?” என்று சொல்லிவிட்டார். விற்றிருந்தால் இரண்டு மாதத்தில் மொத்தக் கடனும் அடைந்திருக்கும். வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னேன். கார்டு பாக்கி பூஜ்யமானால் 27,000 டாலர் வரம்பு மறுபடி திறந்து காத்திருக்கும். பழக்கத்துக்குச் சிகிச்சை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அதோடு, மாமனார் அடைத்த கடன் வலிக்காது. பெரியவருக்கு இது புரிய நாளானது. தன்னை மதிக்கவில்லை என்று மகளிடம் வருத்தப்பட்டிருக்கிறார்.

மனை விற்பதற்குப் பதில், லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை அமைப்பு ஒன்றின் மூலம் கார்டு கடன்களை ஒரே தவணைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தோம். வட்டி குறைந்தது, கார்டுகள் மூடப்பட்டன. நான்கரை ஆண்டுத் திட்டம். கணவரின் சம்பளம் மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாறியது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் மூன்றிலும் அவருடைய கிரெடிட்டை முடக்கினோம். 2018 செப்டம்பர் முதல் இது இலவசம், புதுக் கடன் வாங்கும் வழியை அடைக்க இதைவிட எளிய வேலை இல்லை.

நண்பர்களுக்கு முதலில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் மனைவி. வட்டிக் கணக்குப்படி அது கடைசியில் வர வேண்டியது. ஆனாலும் அவர் சொன்னதே சரியாக அமைந்தது. பணம் கொடுக்கப் போனபோது விஷயத்தைச் சொல்ல வேண்டி வந்தது. சொன்ன பிறகு அந்தப் பக்கமிருந்து கைமாற்று கிடைக்கும் வழியும் அடைந்தது.

அலுவலகத்தில் சொல்லவில்லை. வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ எச்-1பிக்காரருக்கு 60 நாள் அவகாசம்தான். 401(கே) கடனும் உடனே கழுத்துக்கு வரும்: அடுத்த வரித் தாக்கல் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அது வருமானமாகி, வயதைப் பொறுத்து 10 சதவீத அபராதமும் சேரும். வேலையைக் காப்பாற்றுவது கடன் திட்டத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டோம்.

சிகிச்சைக்கு 1-800-கேம்ப்ளர் உதவி எண் மூலம் சூதாட்டப் பழக்கத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் கிடைத்தார். மனநல மருத்துவத்தில் சூதாட்டப் பழக்கம் 2013 முதல் மது, போதை போன்ற அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைக்கப்படுகிறது. ஒன்பது அறிகுறிகளில் நான்கு இருந்தால் நோய். இவருக்கு ஆறு இருந்தன, நடுத்தர நிலை. தமிழ் பேசும் ஆலோசகர் கிடைக்கவில்லை. சூதாட்டத்தை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் வாரம் ஒருமுறை போனார். மனைவி, குடும்பத்தினருக்கான கேம்-அனான் கூட்டத்துக்கு இரண்டு முறை போய்விட்டு, தனக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டார்.

மீண்டும் விழுந்தது

ஐந்து மாதம் நன்றாகப் போனது. ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற ஆட்டத்தைக்கூட நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்தார், பெட் இல்லாமல்.

2024 செப்டம்பரில் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்கிய வாரம் அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். அலுவலகம் மன்ஹாட்டனில். நியூஜெர்சியை மன்ஹாட்டனோடு இணைக்கும் பாத் (PATH) ரயில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போய் அந்தப் பக்கம் ஏறியதும், போன் இருக்கும் இடம் நியூயார்க் ஆகிவிடும். உரிமம், சட்டம், விலக்குப் பட்டியல் எல்லாமே மாநில வாரியாக. நியூயார்க்கில் செல்போன் பந்தயம் 2022 ஜனவரி 8 முதல் உண்டு. அதற்கு முன்பு நியூயார்க்காரர்கள் பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்கு வந்து பெட் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். இப்போது இவர் எதிர்த் திசையில். முன்பு கணக்கே இல்லாதிருந்த ஒரு நிறுவனத்தில் புதுக் கணக்குத் தொடங்கினார். தடை எதுவும் வரவில்லை.

பணம்? நண்பர்கள் குடும்பத்தோடு போகும் வாரயிறுதிப் பயணத்துக்கு இவர்தான் பொறுப்பு. ஆளுக்கு இவ்வளவு என்று ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியிருந்தார்கள். அதில் 1,900 டாலர் பத்து நாளில் போனது. அறை முன்பதிவுக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் அவரே மனைவியிடம் சொல்லிவிட்டார். முதல்முறை பதினேழு மாதம் மறைத்தவர், இந்த முறை பத்து நாளில் வாயைத் திறந்தார். ஆலோசகர் இதை முன்னேற்றம் என்றே பதிவு செய்தார். மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை; குழந்தையோடு மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்தார்.

அதன்பின் நியூயார்க், பென்சில்வேனியா இரண்டு மாநிலப் பட்டியல்களிலும் பதிவு செய்தார். போனிலும் கணினியிலும் பந்தயத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள் போட்டு, கடவுச்சொல்லை மனைவி வைத்துக்கொண்டார். பொதுப் பணத்தைக் கையாள்வதில்லை என்று நண்பர் குழுவில் அறிவித்தார். காரணம் கேட்டவர்களுக்குக் காரணமும் சொன்னார்.

இன்றைய நிலை

2024 அக்டோபருக்குப் பிறகு பந்தயம் இல்லை. ஸ்டேட்மென்ட், கிரெடிட் அறிக்கை இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து பார்க்கிறோம். கார்டு கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைந்துவிட்டது. வீடு வாங்கும் திட்டம் இல்லை. சம்பளம் இன்னும் மனைவியின் கணக்குக்கே போகிறது. அதை எப்போது மாற்றுவது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. மனை ஊரில் அப்படியே இருக்கிறது. 2025 ஐபிஎல்லை அவர் பார்க்கவில்லை. சென்னை கடைசி இடத்துக்குப் போன ஆண்டு அது, நஷ்டமில்லை என்கிறார்.

இனி மாற்றிச் செய்வது

இதற்குப் பிறகு வந்த குடும்பங்களுக்கு, ஆள் வசிக்கும் மாநிலம், வேலை பார்க்கும் மாநிலம், அடிக்கடி போய்வரும் மாநிலம் மூன்றின் விலக்குப் பட்டியலிலும் ஒரே நாளில் பதிவு செய்யச் சொல்கிறேன். பிரிட்டனில் இந்தத் தொல்லை இல்லை. 2020 மார்ச் முதல், உரிமம் உள்ள எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் கேம்ஸ்டாப் என்ற ஒரே பட்டியலில் சேர்ந்தாக வேண்டும். ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடவும் தடை வந்தது. அமெரிக்காவில் நாடு தழுவிய கட்டாயப் பட்டியல் இல்லாதவரை ரயில் ஏறும் ஒவ்வொரு ஊரையும் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பணத்தில், சம்பளத்தை மட்டும் மாற்றினால் போதாது. அலுவலகச் செலவுத் தொகை, நண்பர்களின் பங்குப் பணம், பரிசு அட்டை என்று சிறு வழிகளை முதல் சந்திப்பிலேயே பட்டியலிடுகிறேன். ஆலோசகர்களும் இதைக் கேட்க மறப்பதுண்டு.

ஒரு நிகழ்வு நடக்குமா நடக்காதா என்று பணம் போடும் கணிப்புச் சந்தைகள் இன்னொன்று. 2025 தொடக்கத்திலிருந்து இவற்றில் விளையாட்டு முடிவுகள் மீதும் பணம் போடலாம். இவை தங்களைப் பந்தயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. கூட்டாட்சியின் சரக்கு எதிர்கால வணிக ஆணையத்தின் (CFTC) கீழ் வரும் ஒப்பந்தம் என்கின்றன. நியூஜெர்சி ஒரு நிறுவனத்தை நிறுத்தச் சொன்னது. 2025 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. பந்தயத்துக்கு 21 வயது வேண்டிய மாநிலத்தில் இதற்கு 18 போதும். மாநில விலக்குப் பட்டியல் இவற்றைக் கட்டுப்படுத்தாது. இதை என்னிடம் முதலில் சொன்னவர் கணவர்தான். விளம்பரம் அவருக்கு வந்திருக்கிறது. தடுப்பு மென்பொருளின் பட்டியலில் அந்தத் தளங்களை மனைவி கையால் சேர்த்தார். புதிது வரும்போதெல்லாம் சேர்க்கிறார்.